இரண்டு அங்குல மல்லர்களும் தஞ்சாவூர் பொம்மையும்

தஞ்சாவூர்ப் பக்கம் தலையாட்டி பொம்மை நுழையாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொலுப்படியில், ஷோகேஸில், டிவி பெட்டி மேல், ஹோட்டல் கல்லாவில் என்று எங்காவது ஒரு ராஜாவும் ராணியும் உட்கார்ந்திருப்பார்கள். எப்போது வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். "எங்க மாமியார் காலத்துது" என்பார்கள். யார் செய்தது? "புன்னைநல்லூர்ல, கோயில் வாசல்ல வாங்கினது." அதோடு சரி. செய்த கையின் பெயர் தெரியாது. அச்சு யாருடையது, வண்ணம் முதலில் பூசியதா பிறகு பூசியதா, ஜோடியில் ராணி மட்டும் ஏன் சற்றுக் குட்டையாக இருக்கிறாள் என்ற எதற்கும் எழுதி வைத்த பதில் கிடையாது.

இப்போது வேறொரு பொம்மையைப் பாருங்கள். 1985இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த குட்டி மல்யுத்த வீரர்கள். உயரம் சுமார் இரண்டு அங்குலம். கையும் காலும் அசையாது, முதலில் உடம்பின் நிறத்தில் வார்த்த ஒரே துண்டு ரப்பர். நான்கு பொம்மை ஒரு பாக்கெட், பத்துப் பொம்மை ஒரு குட்டிக் குப்பைத்தொட்டிக்குள் என்று விற்றார்கள். பல்லால் கடித்து, சாக்கடையில் தொலைத்து, கார் சீட்டுக்கு அடியில் மறந்துபோன சாமான்கள் அவை. இன்று அவற்றின் 233 வடிவங்களுக்கும் எண் இருக்கிறது, படம் இருக்கிறது, எந்த வடிவம் எந்தெந்த நிறத்தில் வந்தது என்ற விவரம் இருக்கிறது. இதை அரசாங்கம் செய்யவில்லை, பல்கலைக்கழகமும் செய்யவில்லை. சிறுவயதில் அந்தப் பொம்மைகளோடு விளையாடியவர்கள், வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, ராத்திரிகளில் உட்கார்ந்து செய்தார்கள்.

இருநூறு ஆண்டுப் பெருமை பேசும் தஞ்சாவூர் பொம்மைக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அந்த ரப்பர் மல்லர்களைச் சேகரித்தவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய.

பெயரில்லாத வீரர்கள்

அந்தக் குட்டி மல்லர்கள் பிறந்தது ஜப்பானில். 1979இல் 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் 'கின்னிக்குமான்' என்ற படக்கதை தொடங்கியது. ஷிமாடா தகாஷி, நகாய் யோஷினோரி என்ற இரண்டு பள்ளித் தோழர்கள் யுதேதமாகோ என்ற ஒரே புனைபெயரில் எழுதி வரைந்தார்கள். பள்ளியை முடித்த கையோடு இறங்கிய வேலை. அதிசய சக்தி கொண்ட மல்லர்கள் நாடு நாடாக வந்து கோதாவில் இறங்கும் கதை அது. 1987 வரை ஓடியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. மல்லர்களில் பலரை உருவாக்கியவர்கள் வாசகச் சிறுவர்கள். அவர்கள் தபாலில் வரைந்து அனுப்பிய வீரர்களை ஆசிரியர்கள் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு ஊரில் ஒரு பையன் நோட்டில் கிறுக்கியது, நாடு முழுக்கத் தெரிந்த மல்லனாக மாறியது.

1983இல் அது தொலைக்காட்சித் தொடரானது. பண்டாய் நிறுவனம் அந்த வீரர்களைக் குட்டி ரப்பர் உருவங்களாக வார்த்து, காசு போட்டுத் திருகினால் உருண்டை டப்பா விழும் இயந்திரங்களில் விற்றது. 100 யென் போட்டால் எந்த வீரர் வருவார் என்று தெரியாது. வேண்டாதவர் வந்தால் பக்கத்துப் பையனிடம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஜப்பானில் மொத்தம் 418 வடிவங்கள் வந்தன. அவற்றிலிருந்து 233ஐ எடுத்து மேட்டல் நிறுவனம் அமெரிக்காவில் விற்றது. அங்கே படக்கதையும் இல்லை, தொடரும் இல்லை. கதாநாயகனுக்கும் எதிராளிக்கும் மட்டும் புதுப் பெயர் வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பெயரே கிடையாது. கை நண்டுக் கொடுக்காக இருப்பவன், தலை கட்டடமாக இருப்பவன், உடம்பு முழுக்க முள்ளாக இருப்பவன் என்று குழந்தைகளே அடையாளம் வைத்துக்கொண்டார்கள். மேட்டல் வெளியிட்ட ஒரு சுவரொட்டியில் ஏறக்குறைய எல்லாருடைய படமும் எண்ணோடு இருந்தது. பட்டியலுக்கு முதல் நூல் அதுதான்.

சேகரிப்பவர்கள் அங்கிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு பொம்மையின் முதுகிலும் பொடி எழுத்தில் உரிமைக்குறி வார்த்திருக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் படித்து, ஜப்பானியப் படக்கதையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, யார் எவர் என்று பெயர் கண்டுபிடித்தார்கள். சுவரொட்டியில் இல்லாத வடிவங்கள் கிடைத்தபோது அவற்றைத் தனியாகக் குறித்தார்கள். போலிகளை ஒதுக்கித் தள்ளாமல், அவற்றுக்கும் தனிப் பட்டியல் போட்டார்கள். இந்தக் கடைசி வேலை மிக முக்கியமானது. எந்தப் பொம்மையை எந்த நாட்டில் காப்பியடித்தார்கள் என்பது அந்தப் பொம்மை எவ்வளவு தூரம் பயணப்பட்டது என்பதற்கான சாட்சி.

அந்தப் படையில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. 'கறி குக்' என்று பெயர். தலைமேல் கறிக்குழம்புத் தட்டைச் சுமந்துகொண்டு சண்டை போடுவார், எதிராளியின் காயத்தில் மசாலாவைத் தேய்ப்பார். இந்தியா என்றால் ஒரு ஜப்பானியச் சிறுவனுக்கு அன்று என்ன தோன்றியது என்பதற்கு அந்த இரண்டு அங்குல ரப்பர் ஓர் ஆவணம். காவிரி டெல்டாவில் ஒரு பொம்மை அலமாரி அமைந்தால் முதல் தட்டில் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

தேர்க்கடையில் வாங்கிய பயில்வான்

நம் ஊருக்கு இந்த மல்லர்கள் வரவில்லை. நமக்கு வந்தவர்கள் வேறு. தொண்ணூறுகளில் கேபிள் டிவி தெருவுக்குத் தெரு வந்தபோது அண்டர்டேக்கரும் ஹல்க் ஹோகனும் பிரெட் ஹார்ட்டும் யோகோசூனாவும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டு பள்ளிக்கூட மதிய இடைவேளையை ஆண்டது. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், ரேங்க் என்று சொல்லிச் சொல்லி எதிராளியின் சீட்டைப் பிடுங்குவோம். கணக்கு வாய்ப்பாடு மறந்தவனுக்கும் அண்டர்டேக்கரின் எடை தெரியும்.

அமெரிக்காவில் அந்த வீரர்களின் அதிகாரபூர்வ பொம்மைகளை 1984 முதல் எல்.ஜே.என். நிறுவனமும், 1990 முதல் 1994 வரை ஹாஸ்ப்ரோவும் வெளியிட்டன. முன்னது எட்டு அங்குலக் கனத்த ரப்பர். பின்னது நாலரை அங்குலம், கையை இழுத்து விட்டால் ஸ்பிரிங் குத்து விடும். சேகரிப்பவர்களிடம் ஹாஸ்ப்ரோவின் கடைசி வரிசைக்கு ஏக கிராக்கி. அட்டை பச்சை நிறம் என்பதால் அதைப் பச்சை அட்டை வரிசை என்பார்கள். குறைவாக விற்றதால் இன்று அரிது. கமாலா என்ற வீரருக்கு வயிற்றில் நட்சத்திரம் வரைந்த பொம்மை சாதாரணம். பிறை வரைந்தது மிகச் சிலவே உண்டு, ஒன்று ஏலத்துக்கு வந்தால் உலகம் முழுக்கப் பேச்சாகிவிடும். ஒரு தூரிகைக் கோட்டுக்கு அவ்வளவு மரியாதை.

நம் திருவிழாக் கடைகளில் தொங்கியது இவற்றின் நகல்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. ஊர்த் தேர்க்கடையில் அப்பா வாங்கித் தந்தது. சிவப்புப் பிளாஸ்டிக், உள்ளே காலி, அழுத்தினால் நெஞ்சு குழியும். முன்பாதியும் பின்பாதியும் ஒட்டிய கோடு காதிலிருந்து குதிகால் வரை ஓடுகிறது. இடது தோளருகே அந்தக் கோடு விலகி, ஒரு பாதி மற்றொன்றைவிட மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது. கைகள் தோளில் ஒரு குமிழில் செருகியவை, முழுச் சுற்று சுற்றும். முகத்துக்கு மீசை வரைந்தவர் அவசரத்தில் மேலுதட்டைத் தாண்டிக் கன்னம் வரை இழுத்துவிட்டார். ஜட்டி மட்டும் கறுப்பு. முதுகிலோ பாதத்திலோ ஓர் எழுத்து இல்லை. எந்த ஊர்ப் பட்டறை, எந்த அச்சு, எந்த ஆண்டு என்று சொல்ல அந்தப் பொம்மைக்கு வாயில்லை. ஆனால் இந்தக் கோட்டு விலகலே ஒரு கைரேகை. இதே விலகலோடு இன்னொரு பயில்வான் மன்னார்குடியிலோ மாயவரத்திலோ ஒருவரிடம் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் விழுந்தவை என்று அடித்துச் சொல்லலாம். இரண்டு பேர் படம் எடுத்து ஒப்பிட்டால் போதும், வாயில்லாத பொம்மை பேசத் தொடங்கிவிடும்.

இப்படிக் காலம் கணிக்க நம்மிடமே சாவிகள் இருக்கின்றன. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு நடந்த வழக்குக்குப் பிறகு 2002 மே மாதத்தில் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. அட்டையில் இ இருந்தால் அது 2002க்கு முந்தியது ஆக முடியாது. எஃப் இருந்தால் பெரும்பாலும் முந்தியது. நகல் செய்பவர்கள் பழைய அட்டையைத் தீரும் வரை ஓட்டுவார்கள் என்பதால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பெட்டியில் ஒட்டிய கடை முத்திரையில் பின்கோடு இருக்கிறதா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். 'நாகப்பட்டினம், தஞ்சை மாவட்டம்' என்று இருக்கிறதா? 1991இல் மாவட்டம் பிரிவதற்கு முன் அடித்த முத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பொம்மையைவிட பொம்மை வந்த டப்பா அதிகம் பேசும். நாம் முதலில் தூக்கிப் போடுவது டப்பாவைத்தான்.

தமிழ்நாட்டுக் கம்பெனி ஒன்றின் பொம்மைகளை வெளிநாட்டார் எவ்வளவு கருத்தாகக் கவனிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.எஃப். என்ற டயர் நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. அதே நிறுவனம் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து 1987இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற அச்சுகள் இங்கே வந்து, ஜி.ஐ. ஜோ வீரர்கள் அங்கே இல்லாத நிறச் சேர்க்கைகளில் வார்க்கப்பட்டார்கள். இன்று அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அந்த இந்திய வீரர்களை நிறம் நிறமாகப் பிரித்துப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். நம் குழந்தைகள் தோட்டத்து மண்ணில் புதைத்து விளையாடியவை அவை.

விழாத பொம்மையின் உள்ளே

தஞ்சாவூர் பொம்மையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, அடி உருண்டையாக இருந்து தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி. மற்றொன்று, பாவாடை, உடல், தலை எனத் தனித்தனித் துண்டுகளைக் கம்பியில் கோத்து, தொட்டால் எல்லாம் ஒவ்வொரு திசையில் அசையும் நடனப் பெண். இரண்டாம் சரபோஜியின் காலத்தையொட்டி, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தக் கலை வேரூன்றியது என்று ஊரில் சொல்வது வழக்கம். 2008-09இல் தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பெயரையும் ஊரையும் காக்கும். எந்தக் குடும்பத்து அச்சு, எந்த ஆண்டு வண்ணம் என்பதை எழுதி வைப்பது அதன் வேலை இல்லை.

ராஜா ராணியின் செய்முறையை ஒரு முறை நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அடிப்பகுதி களிமண். கிண்ணம் போல வழித்து, கனமாக, வெயிலில் காய வைப்பார்கள். மேல்பகுதி காகிதம். அச்சில் ஈரத்தாளைக் கிழங்கு மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. முன்பாதி, பின்பாதி காய்ந்ததும் எடுத்துச் சேர்த்து, களிமண் அடியோடு பொருத்தி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம். கண்ணைக் கடைசியில் திறப்பார்கள்.

விழாமல் எழுவதன் ரகசியம் இந்த இரண்டு பொருள்களின் எடையில் இருக்கிறது. அடி உருண்டை ஒரு கோளத்தின் பகுதி. பொம்மையின் மொத்த எடையும் குவியும் புள்ளி அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பொம்மையைச் சாய்த்தால் அந்தப் புள்ளி மேலே ஏறும். கையை எடுத்தவுடன் அது கீழே இறங்கத் துடிக்கும், பொம்மை நிமிரும். மேல்பகுதி வெறும் காகிதக் கூடு என்பதால்தான் இது நடக்கிறது. அழகுக்காக மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கனத்த கிரீடம் வைத்தால் ராஜா கவிழ்ந்து கிடப்பார். இன்று கடைகளில் கிடைக்கும் சில பொம்மைகள் தள்ளினால் மெதுவாகத்தான் எழுகின்றன, சில ஒரு பக்கமாக நின்றுவிடுகின்றன. பொருள் மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆகவே ஒரு பழைய தஞ்சாவூர் பொம்மையை ஆவணப்படுத்துகிறவர் அதன் படத்தோடு எடையையும் எழுத வேண்டும். தள்ளிவிட்டு எத்தனை முறை ஆடி நிற்கிறது என்பதை ஃபோனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். அசைவுதான் இந்தப் பொம்மையின் உயிர். அசைவைப் பதியாத பதிவு பாதிப் பதிவு.

இந்த வகைப் பொம்மை உலகத்துக்கே சொந்தம். ஜப்பானில் தருமா, சீனாவில் விழாத கிழவன், ரஷ்யாவில் நெவலியாஷ்கா என்று ஒவ்வொரு நாடும் தன் முகத்தை அந்த உருண்டை அடிமேல் வைத்திருக்கிறது. தஞ்சாவூர் வைத்தது அரசன் முகத்தை.

எங்கள் வீட்டு ராணியின் முதுகில் பல வருஷமாக ஒரு விரிசல். வெள்ளைப் பூச்சு பெயர்ந்து, உள்ளிருக்கும் தாள் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் அச்செழுத்து. நெல் விலை பற்றிய செய்தியின் பாதி வரி, தலைகீழாக. அதில் ஒரு 'லை' எழுத்து, யானைத் தும்பிக்கை போல முன்னால் வளைந்த பழைய வடிவத்தில். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். பத்திரிகைகள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறின. பழைய பேப்பர் கடைக்குப் போய், பட்டறைக்கு வந்து, அச்சில் ஒட்டுவதற்கு ஓரிரு வருஷம் ஆகியிருக்கலாம். ஆக, எங்கள் ராணி பெரும்பாலும் எழுபதுகளிலோ அதற்கு முன்போ பிறந்தவள். அந்த விரிசலை அடைத்து வண்ணம் பூசித் தருவதாக ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் அந்த ஓட்டைக்குள் இருக்கிறது.

மண்ணைக் காக்கத் தெரிந்த ஊர்

பொம்மைகளைப் பாதுகாப்பது எப்படி என்ற கேள்விக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. புன்னைநல்லூர் மாரியம்மனின் மூலவர் புற்றுமண்ணால் ஆனவள். அதனால் மூலவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடக்கும். அந்த நாட்களில் வெண்திரையில் அம்மனை வரைந்து வைத்து அதற்குத்தான் பூசை. மூலப்பொருளைத் தொடாமல் ஒதுக்கி, கால ஒழுங்கில் பராமரித்து, பார்ப்பவர்களுக்கு அதன் உருவத்தைக் காட்டுவது என்று இன்றைய அருங்காட்சியகங்கள் செய்வதை அந்தக் கோயில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறது. அதே கோயில் வாசலில்தான் களிமண் அடி வைத்த பொம்மைகள் குவித்து விற்கிறார்கள்.

டெல்டாவில் காகிதத்துக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பரண்மேல் வைத்த ட்ரங்குப் பெட்டிக்குள்கூடப் பூசணம் ஏறும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது மரமும் மாடும் படகும் போன கணக்கு எழுதப்பட்டது. நனைந்து கூழாகிப்போன கொலுப் பெட்டிகளின் கணக்கை யார் எழுதுவார்கள்? ஒரு பொம்மை அழிந்தாலும் அதன் படமும் அளவும் எங்காவது இருந்தால், அதைப் போல இன்னொன்றைச் செய்யக் கைகள் இருக்கின்றன. அதுவும் இல்லை என்றால் முழுதாகப் போய்விட்டது என்றுதான் பொருள்.

ரப்பர், பிளாஸ்டிக் பொம்மைக்கு எதிரி வெயில். பி.வி.சி. பொம்மையை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வருஷங்கள் போகப்போக வெளியே கசியும். பொம்மை பிசுபிசுக்கும். பக்கத்தில் வேறு பிளாஸ்டிக் இருந்தால் அதையும் கரைத்து ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளின் பயில்வானை எடுத்துப் பார்த்துக் கை ஒட்டினால் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், வரைந்த மீசை போய்விடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில், வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுப் பரண் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே மட்டும் வேண்டாம். காகித பொம்மைக்குப் பாட்டிகள் செய்ததே சரி. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பக்கத்தில் ஒரு துண்டு வசம்பு.

சோழநாட்டுப் பழைய பதிவுகள்

மல்லனின் நிலையைச் சொல்லால் பதிவு செய்வதில் சோழநாடு யாருக்கும் பின்தங்கியதில்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றின் 80ஆம் பாட்டு. ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது, மறு கால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்திருக்கிறது, தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரே நேரத்தில் முறிய மோதுகிறான். சிற்பி ஒருவர் இந்தப் பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மல்லர்களையும் வார்த்துவிடலாம். எந்தக் கால் எங்கே என்று அவ்வளவு துல்லியம். 83 முதல் 85 வரையிலான பாட்டுகளில் அதே கிள்ளியை நக்கண்ணையார் தூரத்திலிருந்து பார்த்து மனம் கொடுக்கிறார். ஒருவர் உடம்பின் பிடியைப் பதிகிறார், மற்றவர் பார்த்தவர் மனதைப் பதிகிறார். சேகரிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

பட்டினப்பாலையிலும் ஒரு பொம்மை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, ஒரு பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். அது போய்ச் சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. எத்தனை சக்கரம் என்று புலவர் எண்ணி எழுதியதால் அந்தப் பொம்மை இன்றும் நம் கண்முன் இருக்கிறது. குதிரை பூட்டாத தேர், கையால் உருட்டுவது என்ற விளையாட்டு முறையும் சேர்த்து.

பின்னால் வந்தவர்கள் அரண்மனையையும் கோயிலையும் எழுதிய அளவுக்கு விளையாட்டுச் சாமானை எழுதவில்லை. சரஸ்வதி மகாலில் சுவடி இருக்கிறது, அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனி இருக்கிறது. பொம்மைக்கென்று தேசிய அளவில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் டெல்லியில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். தஞ்சாவூரிலும் ஒன்று வர வேண்டும் என்பது என் திடமான கருத்து. அது வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

இந்த நவராத்திரிக்குப் பெட்டியை இறக்கும்போது

கொலுவுக்குப் பொம்மை இறக்கும் நாள்தான் இதற்குச் சரியான நாள். வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் எல்லாப் பொம்மையும் ஒன்றாகத் தரையில் இருக்கும். ஒரு வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து, முன்னால், பின்னால், அடியில் என்று ஒவ்வொன்றையும் ஃபோனில் எடுங்கள். அடியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முத்திரை, பென்சிலில் எழுதிய விலை, மண்ணின் நிறம் எல்லாம் அங்கேதான் இருக்கும். உயரம், எடை எழுதுங்கள். சுற்றி வைத்த பழைய நாளிதழைக் குப்பையில் போடாதீர்கள். அதன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொம்மை அந்தத் தேதியில் உங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. பூங்கா வைக்கும்போது குழந்தைகள் கொண்டுவந்து நிறுத்தும் பிளாஸ்டிக் பயில்வானையும் சூப்பர்மேனையும் அதே வரிசையில் எடுங்கள். 2060இல் ஒருவருக்கு அது தேவைப்படும்.

வீட்டில் மூத்தவர் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு பொம்மையையும் கையில் கொடுங்கள். கையில் இருக்கும்போது வரும் நினைவு வாயால் கேட்டால் வராது. யார் சீராக வந்தது, எந்தக் கடை, என்ன விலை, யார் உடைத்தது, அந்தப் பொம்மைக்கு வீட்டில் என்ன பெயர். ரப்பர் மல்லர்களுக்கு அமெரிக்கக் குழந்தைகள் வைத்த பெயர்களையும் அங்குள்ள சேகரிப்பாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாமும் எழுதலாம்.

வாங்கிச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பொம்மைக்கு விலை ஏறினால் வீட்டுப் பெட்டிகளிலிருந்து அவை ஒவ்வொன்றாக வெளியேறும். எந்த வீட்டிலிருந்து எந்தக் கையால் வந்தது என்பது அறுந்துபோனால் பொம்மை அழகு மிஞ்சும், தகவல் போய்விடும். கூடுமானவரை படத்தை வாங்குங்கள், பொம்மையை அந்த வீட்டிலேயே விடுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், கொடுத்தவர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி, பொம்மையோடு நூலால் கட்டுங்கள். பசை வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது பட்டறைகளில் இருக்கிறது. பொம்மை செய்யும் குடும்பங்களில் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போகும்போது முதலில் வெளியே எறியப்படுவது பழைய அச்சுகள். உடைந்தது, தேய்ந்தது, புது மோஸ்தருக்கு உதவாதது என்று கொல்லையில் கிடக்கும். ஒரு அச்சிலிருந்து எத்தனையோ பொம்மைகள் விழுந்திருக்கும். அந்த அச்சை ஒரு முறை படமெடுத்து அளந்துவிட்டால், டெல்டா வீடுகளில் சிதறிக் கிடக்கும் அதன் பிள்ளைகளை ஒன்று சேர்த்துவிடலாம். மேட்டலின் சுவரொட்டி அந்தச் சேகரிப்பாளர்களுக்கு என்னவாக இருந்ததோ, அதே இடத்தில் நமக்கு இந்த அச்சுகள் இருக்கின்றன. தஞ்சாவூரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ், வரலாறு, நுண்கலை படிக்கும் மாணவர்கள் ஒரு செமஸ்டரில், பட்டறைக்காரர்களின் சம்மதத்தோடும் அவர்கள் பெயரைப் போட்டும், இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். பட்டறையில் வேலை மும்முரமாக இருக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் போய் நிற்க வேண்டாம். தை பிறந்த பிறகு போங்கள், உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.